வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பத்திரங்கள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பர் 1 நெருங்குகிறது. 1956-ல் அந்த நாளில்தான் நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதையொட்டி உங்களிடம் ஓர் உதவி கேட்கவே இந்தக் கடிதம்.

காலாண்டுத் தேர்வில் எட்டாம் வகுப்புக்கு மாநில அரசின் அமைப்பு பற்றி ஒரு கேள்வி. ஆளுநர், முதலமைச்சர், 234 உறுப்பினர்கள் கொண்ட சட்டப்பேரவை என்று எல்லோரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் "நீ எந்தத் தாலுகா?" என்று வகுப்பில் கேட்டபோது பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. அரசாங்கம் எங்கோ சென்னைக் கோட்டையில் இருப்பதாகவே பிள்ளைகள் நினைக்கிறார்கள். வருமானச் சான்றுக்கு நீங்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போகிறதே, அதுவும் மாநில அரசுதான். அடுத்த முறை தாலுகா ஆபீசுக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேலை நாளாக இருந்தால் அரை நாள் அனுமதி தருகிறேன்.

போன வாரம் ஒரு மாணவி தன் பூட்டனாரின் நிலப்பத்திர நகலைக் கொண்டுவந்தாள். மேலே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை, எழுத்தெல்லாம் மலையாளம், தேதி 1098 மேடம் மாதம். "சார், இது தொள்ளாயிரம் வருசப் பத்திரமா?" என்று கேட்டாள். அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, 825 கூட்டினால் 1923 வரும் என்று சொன்னதும் வகுப்பே அந்தத் தாளைச் சுற்றிக் கூடிவிட்டது. அதே நிலத்துக்கு இன்றைய பட்டா தமிழில் இருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பாடவேளை போதவில்லை.

தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று நேசமணி ஐயா முன்னின்று நடத்திய போராட்டத்தையும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர்கள் உயிர்விட்டதையும் சொன்னேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் நமக்கு வந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. அப்புறம், பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது என்றதும் ஒருவராலும் நம்ப முடியவில்லை. மாநிலத்தின் பெயரே 1969 ஜனவரி 14 வரை மதராஸ் என்றுதான் இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பள்ளிச் சான்றிதழில் அதைப் பார்க்கலாம்.

எனவே பழைய பத்திரம், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, பள்ளிச் சான்றிதழ் என எது இருந்தாலும் அதன் நகலை அக்டோபர் 29-க்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அசல் வேண்டாம். நில விவரங்கள் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் அந்த வரிகளை மறைத்துத் தாருங்கள். 1956-ஐ நேரில் பார்த்த தாத்தா, பாட்டி இருந்தால் 30-ஆம் தேதி காலை 10 மணிக்கு அழைத்து வாருங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களும் அவசியம் வேண்டும். எங்கள் ஆசிரியர்களில் ஒருவருக்குத்தான் அது தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்