உளுந்து வேரின் முடிச்சுகள்

அன்புள்ள சீனிவாசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் நேற்றுக் கைக்கு வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, நெல் நின்ற ஈரத்திலேயே நீ தெளித்த உளுந்து ஒரு மாதப் பயிராகிவிட்டது என்பதும், அதில் ஒரு செடியைப் பிடுங்கியபோது வேரெங்கும் முடிச்சுகளைக் கண்டு நீ மருந்துக் கடைக்கு ஓடியதும், கடைக்காரர் நூற்புழு என்று சொல்லிக் குருணை மருந்தை உன் தலையில் கட்டியதும் தெரிந்தன. அந்த மூட்டையைப் பிரிக்காதே.

நூற்புழு தாக்கினால் வேரே வீங்கித் தடித்துப்போகும்; வீக்கத்தை வேரிலிருந்து தனியே பிரிக்க முடியாது. நீ கண்டவையோ கடுகளவிலிருந்து மிளகளவு வரை உருண்டையாக, வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தன என்றும், விரல் பட்டதும் உதிர்ந்தன என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அவை ரைசோபிய வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வேர்முடிச்சுகள். இதில் நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. 17ஆம் நூற்றாண்டில் இவற்றைப் படமாக வரைந்த இத்தாலிய அறிஞர் மால்பிகியும் பூச்சியால் உண்டான கழலைகள் என்றே நினைத்தார். முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருகின்றன என்ற உண்மையை ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்ற அறிஞர் 1886இல் வெளிப்படுத்திய பிறகே உலகத்துக்கு இது விளங்கியது.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதால் செடிக்கு அது எட்டாக் கனி. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவைத் தொழிற்சாலையில் செய்ய 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் பெரும் அழுத்தமும் தேவைப்படுகின்றன. அதே வேலையை இந்தப் பாக்டீரியா உன் வயலின் ஈர மண்ணில், சாதாரண வெப்பத்தில் செய்துவிடுகிறது. ஆனால் அதற்குரிய நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க, நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தைச் செடி முடிச்சுக்குள் உண்டாக்கி, ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்காமல் கிள்ளிக் கொடுக்கிறது. வகுப்பில் முப்பது ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆயினும் முடிச்சைக் கீறி அந்தப் புரதம் தரும் இளஞ்சிவப்பைக் காணும்போதெல்லாம் இன்றும் ஒரு கணம் கை நின்றுவிடுகிறது.

இந்த உறவை வெறும் அன்பு என்று எண்ணிவிடாதே. இதில் கறாரான கணக்கும் உண்டு. செடி தான் சமைத்த சர்க்கரையைக் கொடுத்துத் தழைச்சத்தை, அதாவது தனக்கு ஏற்ற வடிவில் நைட்ரஜனை, வாங்குகிறது. சோயா செடிகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வொன்றில், சில முடிச்சுகளைச் சூழ்ந்த காற்றிலிருந்து நைட்ரஜனை நீக்கிவிட்டார்கள். வேலை செய்யாத அந்த முடிச்சுகளுக்குச் செடி ஆக்சிஜன் வரத்தைக் குறைத்து, உள்ளிருந்த பாக்டீரியாக்களின் பெருக்கத்தை ஒடுக்கியது. நீ யூரியாவைக் கொட்டினாலும் இதே கதைதான்: தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே உளுந்துக்கு யூரியா வேண்டாம்.

உளுந்து போட்டால் மண் தானாக வளமாகும் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நான் முழுதாக ஒப்பமாட்டேன். செடி சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி காய் முற்றும்போது மணிக்குப் போய்விடுகிறது. நம் ஊர் வழக்கப்படி வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, மிஞ்சிய சக்கையை மாட்டுக்குப் போட்டுவிட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது கொஞ்சமே. பிடுங்காமல் அறுக்கச் சொல்; வேராவது மண்ணில் தங்கும். மண்ணுக்கென்றே ஒரு பயிர் வேண்டுமானால், அடுத்த நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருவாயில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழுதுவிடு. அப்போதுதான் சேர்த்தது முழுவதும் வயலுக்கே போகும்.

அடுத்த தையில் விதைக்கும் முன் சொல். ரைசோபியப் பொட்டலம் வாங்கி அனுப்புகிறேன். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தித் தெளிக்க வேண்டும்; வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய். நாளைக் காலை மண்வெட்டியால் மண்ணோடு ஒரு செடியைப் பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பார். சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் வெறும் குடியிருப்பு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலம் முடிந்துவிட்டது. என்ன நிறம் என்று எழுது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்.

இப்படிக்கு,
உன் பழைய தோழன்,
கணேசன்