தேவாவுக்கு: ரேம் விலையும் நீ அனுப்பிய மூன்று படங்களும்

கூலாய், ஜொகூர்
11.1.2026

அன்புள்ள தேவா,

உன் கடிதமும் அதோடு வந்த மூன்று படங்களும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. ரேம் (கணினியின் வேலை நினைவகம்) ஏன் இவ்வளவு விலை, மகளின் மடிக்கணினிக்கு எதை வாங்குவது என்று பொங்கலுக்குள் பதில் வேண்டும் என எழுதியிருந்தாய், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சுங்கை சிப்புட்டில் ரேம் விலை கேட்டுவிட்டுக் கடைக்காரனோடு சண்டை போட்டாயாமே? அவன்மேல் பழி போடாதே. 2025 நடுவில் 32ஜிபி டிடிஆர்5 (இப்போதைய தலைமுறை ரேம்) ஜோடி ஒன்று ஏறக்குறைய 100 அமெரிக்க டாலருக்குப் போனது, நம் காசுக்கு நானூற்றுச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). வருஷம் முடிவதற்குள் அதே ஜோடி மூன்று மடங்கு ஏறிவிட்டது. மொத்த வியாபாரி காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையும் சொல்கிறான். கையிலிருந்த சரக்கை விற்ற காசில் அதே சரக்கைத் திரும்ப வாங்க முடியாமல் முழிப்பவன் சின்னக் கடைக்காரன்தான்.

காரணத்தைத் தோட்டத்துக்காரனான உனக்குச் சொல்வது சுலபம். நம் அப்பாமார் காலத்தில் ரப்பர் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்களே, அதேதான். நிலம் ஒன்று. எதில் காசு கூடுதலோ அதை நடுகிறான். ரேம் தொழிலில் நிலம் என்பது வேஃபர், 300 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிக்கான் தட்டு. உலகத்து டிராம் சில்லில், அதாவது ரேமுக்கான சில்லில், பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று கைகளில் இருக்கிறது. அந்தத் தட்டில் உன் மகளின் மடிக்கணினிக்கான டிடிஆரையும் வெட்டலாம், செயற்கை நுண்ணறிவு சர்வருக்கான எச்பிஎம்மையும் வெட்டலாம்.

எச்பிஎம் என்பது மாடி வீடு மாதிரி. எட்டு, பன்னிரண்டு சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் துளையிட்டுக் கம்பி இறக்கி ஒட்டுகிறார்கள். அடுக்கில் ஒரு சில்லு கெட்டால் மொத்த அடுக்கும் குப்பைக்குப் போகும். அந்தத் துளைகளுக்காகவும் சில்லில் இடம் விட வேண்டும். அதனால் ஒரு ஜிபி எச்பிஎம் செய்ய, ஒரு ஜிபி டிடிஆர்5க்கு ஆகும் வேஃபரைப்போல் மூன்று மடங்கு ஆகிறது. இது மைக்ரோனே சொன்ன கணக்கு.

இதை வைத்து நீயே போட்டுப் பார். என்விடியாவின் எச்200 என்ற செயற்கை நுண்ணறிவுச் சில்லு ஒன்றில் 141ஜிபி எச்பிஎம் இருக்கிறது. ஒரு சர்வர் பெட்டியில் அப்படி எட்டு, ஆக 1,128ஜிபி. அதை மூன்றால் பெருக்கு. அதே பெட்டிக்குள் சாதாரண டிடிஆர்5 இன்னொரு 2,000ஜிபி சொச்சம் தனியாக உட்கார்ந்திருக்கும். ஆளுக்கு 16ஜிபி என்று பங்கு வைத்தால், அந்த ஒரு பெட்டி ஏறக்குறைய 340 மடிக்கணினியின் பங்கைச் சாப்பிடுகிறது. சில பேர் எச்பிஎம்மை மட்டும் குறை சொல்கிறார்கள். அந்த சாதா டிடிஆர்5 பங்கும் சின்னதில்லை.

அந்தப் பெட்டிகள் போய் உட்காரும் இடங்களில் ஒன்று இந்த ஊர்தான். கூலாய் யங் தோட்டம் 2022ல் கைமாறி, இப்போது அங்கே ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா நிற்கிறது. செடேனாக் பக்கமும் அப்படியே. ஓலை அசைந்த இடத்தில் குளிரூட்டி விசிறி வரிசை. செம்பனைக்கு வழிவிட்ட பால்மரத்தைச் சொன்னேன். இங்கே செம்பனையே வழிவிட்டுவிட்டது.

"மைக்ரோன் ஆலை மூவாரிலும் பத்து கவானிலும் இருக்கிறதே, நம் நாட்டுச் சரக்கு நமக்கு மலிவாகக் கிடைக்காதா?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்விதான். ஆனால் இங்கே நடப்பது பொதியிடுவதும் சோதிப்பதும். ரேம் சில்லு பெரும்பாலும் பிறப்பது தைவான், ஜப்பான் பக்கம். ரப்பர் நம் தோட்டத்துது என்பதற்காக டயரை யாராவது நமக்குக் குறைத்துக் கொடுத்தானா?

1993ல் ஜப்பானின் நீஹாமாவில் சுமித்தோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சில்லைப் பொதியிடும் பிசினுக்குத் தட்டுப்பாடு என்று அப்போதும் ரேம் விலை எகிறியது. அது விபத்து, ஆலை ஓடினால் அடங்கிவிடும். இப்போது நடப்பது பயிர் மாற்றம். 2025 அக்டோபர் 1ல் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ, சாம்சங்கோடும் எஸ்கே ஹைனிக்ஸோடும் பேசி முடித்த இலக்கு மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரை. டிசம்பர் 3ல் மைக்ரோன் குரூஷியல் என்ற பெயரில் நடத்திய தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு வரும் என்றார்கள். உன் கடையில் குரூஷியல் ரேம் இருந்தால் பயப்படாதே, வாங்கியதற்கு உத்தரவாதம் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரசீதை மட்டும் பத்திரமாக வை.

ஆலையைப் பெருக்கலாமே என்பாய். 2023ல் ரேம் விலை பாதாளத்துக்குப் போனபோது எஸ்கே ஹைனிக்ஸ் தொழில் நடத்தியதிலேயே ஒரே வருஷத்தில் 7.7 டிரில்லியன் கொரிய வொன் நட்டப்பட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. கட்டுவது கட்டினாலும் மைக்ரோனின் ஐடஹோ ஆலையிலிருந்து முதல் வேஃபர் வர 2027 ஆகும், சாம்சங்கின் பியோங்டேக் ஐந்தாவது ஆலைக்கு 2028. ஆகவே சீனப் பெருநாள் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருக்காதே. தேவையானதை மட்டும் இப்போதே வாங்கு. கூடுதலாக வாங்கிப் பதுக்கவும் வேண்டாம்.

இனி உன் படங்கள்.

முதல் படம், உன் மகளின் மடிக்கணினியில் டாஸ்க் மேனேஜர். நல்ல வேளை அதையே எடுத்து அனுப்பினாய். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தொட்டால் வரும் பக்கம்தானே? அதில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்றும், "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற இடத்தில் "எஸ்ஓடிம்" என்றும் இருக்கிறது. ஒரு குழி காலி, உள்ளதும் கழற்றக்கூடியது. அந்த இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்திருந்தால் ரேம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியது என்று அர்த்தம், கூட்ட வழியிருக்காது. புது மடிக்கணினி வாங்கும் எவனுக்கும் இந்த வரியைப் பார்க்கச் சொல். விலை ஏறாத மாடலாகத் தெரிந்தால் ரேம் அளவைத்தான் குறைத்திருப்பார்கள்.

8ஜிபியில் 7.1 நிரம்பியிருக்கிறது, படம் வரையும் மென்பொருளும் பத்து குரோம் பக்கமும் திறந்திருக்கும்போது. அதனால் ரேம் போதாதது உண்மைதான். 16ஜிபி ஒன்று வாங்கப் போகிறேன் என்றாய். வேண்டாம். இன்னொரு 8 போதும். இரண்டு குழியிலும் சம அளவு இருந்தால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் திரைக்கான வேலைக்கும் அது ரேமைத்தான் கடன் வாங்குகிறது.

இரண்டாவது படம், உள்ளே இருக்கும் ரேம் துண்டின்மேல் ஒட்டிய சீட்டு. "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2-11." இதைப் படிக்கத் தெரிந்தால் யாரும் உன்னை ஏமாற்ற முடியாது. பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி5 என்றால் டிடிஆர்5. இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதன் குழியில் இறங்காது. 3200 வேகம். அடுத்த கோட்டுக்குப் பின் வரும் முதல் எழுத்துதான் உயிர்நாடி. எஸ் என்றால் மடிக்கணினி, யூ என்றால் மேசைக்கணினி, ஆர் என்றால் சர்வர். நீ வாங்க வேண்டியது 8ஜிபி, பிசி4-3200, கோட்டுக்குப் பின் எஸ். வேறு பிராண்டாக இருந்தாலும் ஓடும். 2666 துண்டைப் போட்டால் இரண்டுமே 2666க்கு இறங்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது படம், யாரோ "32ஜிபி டிடிஆர்4, மலிவு" என்று போட்ட விளம்பரம். பெரிதாக்கிப் பார்த்தேன். பிசி4-2400டி, கோட்டுக்குப் பின் ஆர். பழைய சர்வரிலிருந்து கழற்றிய துண்டு. நீளமாக இருக்கும், மடிக்கணினிக்குள் போகவே போகாது. மேசைக்கணினிக் குழியில் இறங்கும், ஆனால் கணினி உயிர்பெறாது. விற்கிறவன் பொய் சொல்லவில்லை, முழுசாகவும் சொல்லவில்லை.

டிடிஆர்4 பழசுதானே, மலிவாக இருக்க வேண்டாமா என்று கேட்டாய். பெரிய ஆலைகள் அதன் உற்பத்தியைக் குறைக்க ஆரம்பித்ததும் அதுவும் ஏறிவிட்டது. 2025 நடுவில் ஒரு கட்டத்தில் டிடிஆர்5ஐயே தாண்டியது. ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சரக்கில் தேடு. விற்பவனிடம் சீட்டின் படத்தோடு, சிபியூ-ஜெட் மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தின் படமும் கேள், துண்டு தன்னைப்பற்றித் தானே சொல்லும் விவரம் அதில் வரும். சீட்டில் ஒன்றும் எஸ்பிடியில் வேறொன்றும் இருந்தால் விட்டுவிடு. ஷாப்பி இணையக் கடையில் வாங்கினால் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வீடியோ எடு, மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் சோதி.

போடும் விதம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடு, இல்லாவிட்டால் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். சார்ஜரைக் கழற்று. அடிமூடித் திருகாணிகள் ஒரே நீளம் இல்லை. வெள்ளைத் தாளில் மூடியின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே வை. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கைவைக்கும் பலகை மேலே புடைத்துவிடும். மூடியை நெம்பக் காலாவதியான டச் அண்ட் கோ டோல் அட்டை போதும், திருப்புளி வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடி. ஒரு உலோகத்தைத் தொட்டுவிட்டுத் துண்டை ஓரத்தில் பிடித்து, சுமார் 30 பாகை சரிவாகத் தங்கப் பற்கள் ஏறக்குறைய மறையும் வரை உள்ளே தள்ளு. அப்புறம் கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் கொக்கி "டக்" என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் திரும்ப எடுத்துப் போடு.

முதல் தடவை திறக்கும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும். புது ரேமோடு பழகிக்கொள்கிறது. டிடிஆர்4க்கு ஒரு நிமிஷம் பொறு. டிடிஆர்5 கணினியாக இருந்தால் பல நிமிஷம்கூட ஆகும், நடுவில் அணைத்துவிட்டுப் "போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்பவர்களே அதிகம். கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தாலோ பீப் சத்தம் வந்தாலோதான் சரியாக உட்காரவில்லை. ஓடிய பிறகு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி ஓடவிடு. இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. "எப்போதாவதுதானே வருது" என்று விட்டால் அவள் வரைந்த கோப்புதான் கெடும்.

உன் ஃபோட்டோஸ்டாட் கடையின் இரண்டு பழைய கணினிக்கும் ரேம் வாங்காதே. வேர்டும் பிடிஎஃப்பும் அச்சிட 8ஜிபி தாராளம். அதில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால் மெதுவாக இருப்பது அதனால்தான், 240ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) மாற்று. அந்த விலையும் ஏறிக்கொண்டுதான் வருகிறது, தள்ளிப்போடாதே. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. இந்தக் கணினிகள் விண்டோஸ் 11க்கு ஒத்துவராது, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். ஆனால் அந்தப் பெரிய நகல் இயந்திரத்துக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் பார். கிடைக்காவிட்டால் மின்ட் பேச்சை விட்டுவிடு.

அந்த இரண்டில் ஒன்று அடிக்கடி தானாக அணைந்து திறக்கிறது என்றாயே, புது ரேம் தேடுமுன் உள்ளதைக் கழற்றிப் பற்களைப் பார். உங்கள் ஊர் ஈரத்துக்கு மங்கியிருக்கும். பென்சில் அழிப்பானால் நீளவாக்கில் மெல்ல இரண்டு தடவை தேய்த்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் துடைத்து, குழிக்குள் தூசி ஊதிவிட்டுப் போடு. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், தங்கப்பூச்சு போய்விடும்.

அப்படியும் அணைந்தால் மாற்றிப் பார்க்க, என்னிடம் மேசைக்கணினிக்கான 4ஜிபி டிடிஆர்3 துண்டு இரண்டு சும்மா கிடக்கின்றன. கழற்றும்போது உன் கடைக் கணினியின் சீட்டையும் ஒரு படம் எடு. பிசி3 சீட்டில் அந்த எழுத்து வேக எண்ணை ஒட்டியே வரும், அங்கே யூ இல்லாமல் எஸ்ஸோ ஆரோ வந்தால் இது பொருந்தாது. பொருந்தினால் சொல், தைப்பூசத்துக்கு முன் போஸ் லாஜூ கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணியம்