மாதர் சங்கக் கட்டடக் கூரை: ஊரவரிடம் ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே, தாய்மாரே, கடல் கடந்து வாழும் எம் பிள்ளைகளே,

ஆதிகோணநாயகரை வணங்கி எழுதுகிறோம். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் நம் மாதர் சங்கக் கட்டடத்தின் கூரை வருகிற மாரியைத் தாங்காது. ஐப்பசியில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். ஓட்டைக் கழற்றியபின் மழை பிடித்தால் முன்பள்ளித் தளபாடமும் தையல் இயந்திரங்களும் பழைய அறிக்கைப் புத்தகங்களும் நாசம். ஆகவே புரட்டாதி 25க்குள் வேலை முடியவேண்டும். மரத்துக்கான முற்பணத்தை ஆவணிக் கடைசிக்குள் கட்டவேண்டும். குறைவது 214,000 ரூபா.

கட்டடம் எப்படி வந்தது என்று இளையவர்கள் அறியவேண்டும். 1897இல் கனடாவின் ஸ்டோனி கிறீக்கில் விவசாயக் குடும்பப் பெண்கள் கூடி, வீட்டுச் சுகாதாரமும் பிள்ளை வளர்ப்பும் கற்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த நாட்டில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழரை மணந்து இங்கு வாழ்ந்த டொக்டர் மேரி ரட்ணம் அதே வழியில் 1930இல் இலங்கை மகளிர் சமிதியைத் தொடக்கினார். 1958இல், ஆசியாவில் பொதுச்சேவை செய்தவர்களுக்கான மக்சேசே விருதும் அவரைத் தேடி வந்தது. கிராமத்துப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடுவது, தெரிந்தவள் தெரியாதவளுக்குக் கற்றுக்கொடுப்பது, வீட்டுத்தோட்டம், கக்கூசு, கிணற்றுச் சுத்தம் என்ற அந்த ஒழுங்கைத்தான் நம் பாட்டிமாரும் பிடித்துக்கொண்டார்கள்.

காசு இருக்கவில்லை, வயல் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போடுவது. இரண்டு வேளையும் போட்டால் மாத முடிவில் மூன்று கொத்து தேறும். தொடக்கத்தில் இது சரிவரவில்லை. பச்சையும் புழுங்கலும் கலந்து வந்ததால் கடைக்காரர் அரைவிலை கேட்டார். இரண்டு மாதம் வைத்ததில் வண்டு விழுந்தது. பிறகு புழுங்கல் மட்டும், பானையில் காய்ந்த வேப்பிலை, மாதம் முடிய முன் விற்பனை என்று சட்டம் போட்டார்கள். காசுப்பெட்டிக்கு இரண்டு பூட்டு; தலைவியிடம் ஒரு திறப்பு, பொருளாளரிடம் மற்றது. ஒருவர் தனியே திறக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தவருக்குச் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்குக் காட்டினார்கள். அந்த அரிசிக் காசில் எழும்பிய கட்டடம் இது. கிடுகுக் கூரையை 1964 மார்கழிச் சூறாவளி கொண்டுபோனது. ஓடு அதற்குப் பின் போட்டது.

இப்போது பிழைத்தது எங்கே என்றால், முகட்டில். முகட்டோட்டுச் சாந்து வெடித்து, தண்ணீர் கைமரங்களின் தலைமாட்டில் இறங்கியிருக்கிறது. வேப்பஞ்சருகு ஓட்டின் பள்ளங்களை அடைத்ததால் மழைநீர் பின்வாங்கி, ஓடு தாங்கும் சிலாகையை உக்கவைத்திருக்கிறது. சுவர்வழியே மண்கூடு கட்டி ஏறிய கறையான் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கைவிரலால் அழுத்தினாலே மரம் உள்ளே போகிறது. முன்பு இருமுறை சாந்து பூசியும் நிற்காத காரணம், காய்ந்த ஓட்டில் பூசியதுதான். ஓடு சாந்தின் ஈரத்தை உறிஞ்ச, கச்சான் காற்று மிச்சத்தை உலர்த்திவிடும். இம்முறை முகட்டோட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையில் பூசி, நனைத்த சாக்குப் போட்டு மூன்று நாள் ஈரம் காக்கப்படும்.

தகரம் போட்டால் மலிவு என்று சிலர் சொல்கிறார்கள். மத்தியான வெயிலில் அதன் கீழே முன்பள்ளிப் பிள்ளைகளை இருத்திப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கூரைக்கு ஏறத்தாழ 1,800 ஓடு வேண்டும். தட்டினால் கணீரென்று கேட்கும் பழைய ஓடு 1,100 தேறும். புதிது 700, ஒன்று 110 ரூபாப்படி 77,000. 18 கைமரம் 102,600. சிலாகை 1,350 அடி 81,000. முகட்டோடு 11,500. ஆறு பை சீமெந்து 12,000. ஆணி, கம்பி, கறையான் மருந்து 21,900. இரண்டு தச்சருக்குப் பன்னிரண்டு நாள் கூலி 108,000. மூன்று கையாட்களுக்கு இன்னொரு 108,000. மொத்தம் 522,000. கையில் 308,000.

அந்த 308,000ஐத் தந்தவர்களுக்கு எந்த நன்றியும் போதாது. முதல் தொகை தந்த ஆலய பரிபாலன சபையார், சம்பளத்தில் மாதாமாதம் கழித்துத் தந்த ஆசிரியைகள், கனடாவிலும் சுவிசிலும் இருந்து சேர்த்து அனுப்பிய பிள்ளைகள், முட்டை விற்ற காசை நூறு நூறாகக் கொண்டுவந்த அம்மாமார், தையல் வகுப்பில் படித்துத் திருமணமாகிப் போன ஊர்களில் இருந்தும் மறக்காத பிள்ளைகள் எல்லோரையும் அம்மன் காக்க வேண்டும். கிண்ணியாவில் இருந்து உழவு இயந்திரத்தில் மணல் கொண்டுவந்து பறித்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போன சகோதரரையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது.

மற்றவர்களுக்கு ஒரு சொல். செத்த வீட்டுக்கும் கலியாணத்துக்கும் சங்கத்துக் கதிரையும் கிடாரமும் வாடகையில்லாமல் எல்லா வீட்டுக்கும் போய் வந்திருக்கின்றன. எடுத்தவர் பெயர்ப் புத்தகமும் இருக்கிறது, நன்கொடைப் புத்தகமும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் நிர்வாகசபையார் மட்டுமே. அது அப்படியே இருக்கட்டும்.

காசு இல்லாதவர் ஆள் தரலாம். 36 வீடுகள் ஆளுக்கு ஒருநாள் சிரமதானம் செய்தால் கையாள் கூலி முழுவதும் மிஞ்சி, தேவை 106,000 ஆகக் குறையும். ஓடு இறக்கவும் கழுவவும் அடுக்கவும் பெண்களும் வரலாம். கூரைமேல் ஏறுவது தச்சரின் வேலை.

பணத்தைப் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டைக் கையோடு வாங்குங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் சங்கக் கட்டடம் திறந்திருக்கும். மழை பெய்தால் வாசல் பக்கமாக நில்லுங்கள், ஓடு சரிகிறது.

நிர்வாகசபையார்