பீப் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுதிக் கொடுங்கள்: ஹோவர்போர்டு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹோவர்போர்டுகளை, அதாவது நின்றுகொண்டே ஓட்டும் ரெண்டு சக்கர பேட்டரிப் பலகைகளை, இறக்குமதி செய்து, தங்கள் பெயரை ஒட்டி விற்கும் நிறுவனத்தாருக்கும் அவர்களுடைய சர்வீஸ் சென்டர் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மதுரையில் சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, இன்வெர்ட்டர், யூபிஎஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்குக் கொஞ்ச காலமாக நீங்கள் விற்கும் ஹோவர்போர்டுகளும் வர ஆரம்பித்துவிட்டன. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "பீப் பீப்னு கத்துது சார், எதுக்குன்னே தெரியல." உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். மற்ற நிறுவனத்தாரும் 'நம்மளைத்தான் சொல்றானோ' என்று நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் கோரிக்கை பெரிதில்லை. எந்தச் சத்தத்துக்கு, எந்த விளக்கு எத்தனை முறை மின்னுவதற்கு என்ன அர்த்தம், அப்போது ஓட்டுபவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் அச்சடித்துப் பெட்டிக்குள் போடுங்கள். அதே விவரத்தை உங்கள் சர்வீஸ் சென்டர் ஆட்களுக்கும் கொடுங்கள். அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் ஒருவர் பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கூட அவர் மகன், எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பான், வலது கையில் மாவுக்கட்டு. ஓட்டும்போது அடிக்கடி பீப் அடிக்கிறது என்று உங்கள் சர்வீஸ் சென்டரில்தான் முதலில் கொடுத்திருக்கிறார்கள். பலகையை வைத்திருந்து, பணமும் வாங்கிக்கொண்டு, ஜாப் கார்டில் 'சத்தம் வருகிறது, சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பொய்யில்லை, அதற்கப்புறம் சத்தமே வரவில்லையாம். வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த வாரமே, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தபோது வலது சக்கரம் பட்டென்று நின்றிருக்கிறது. இடது சக்கரம் நிற்கவில்லை. பலகை ஒரு சுற்றுச் சுற்ற, பையன் கையை ஊன்றி விழுந்திருக்கிறான். மணிக்கட்டில் எலும்பு முறிவு.

பலகையைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினேன். பலகையை இயக்கும் மதர்போர்டில், பீப் சத்தம் எழுப்பும் பஸ்ஸர் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு கம்பிக்கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும் அந்தக் கறுப்புப் பஸ்ஸரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுத்திருக்கிறார்கள். இதுதான் 'சரிசெய்யப்பட்டது'.

உண்மையான பழுது வேறு இடத்தில் இருந்தது. மோட்டாரிலிருந்து போர்டுக்கு வருகிற வயர்க் கட்டில் மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த வயர்கள் இருக்கும், அவற்றோடு ஹால் சென்சாருக்கு ஐந்து மெல்லிய வயர்கள். வலது பக்கக் கட்டு சக்கர அச்சை விட்டு வெளியே வரும் இடத்தில், மெல்லிய வயர் ஒன்று விளிம்பில் உரசி உரசி மேல்தோல் போய்ச் செம்பு தெரிந்தது. சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். வயர் விட்டு விட்டுத் தொட்டதால் பீப்பும் விட்டு விட்டு வந்திருக்கிறது. சால்டரிங் வைத்து, ஸ்லீவ் மாட்டி, அந்த விளிம்பையும் தேய்த்துவிட்டு மூட அரை மணி நேரம்கூட ஆகாது.

வேலையைப் பார்த்துக்கொண்டே நின்ற பையன் கேட்டான்: "அப்போ அது சும்மா கத்தலையா, அங்கிள்?"

சும்மா கத்தவில்லை. இதை அவனுக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் சர்வீஸ் சென்டர் மேஜையில் யாராவது படிக்கட்டும். இந்தப் பலகையில் நிற்பவர் எந்த நேரமும் விழுந்துகொண்டேதான் இருக்கிறார். உடம்பு முன்னால் சாய்கிறது, கைரோ சென்சார் அதைக் கண்டுகொள்கிறது, போர்டு உடனே சக்கரத்தை முன்னால் ஓட்டிக் காலை உடம்புக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிமிர்த்தி நிற்கவைக்கிற வித்தை மாதிரிதான். அதற்கு மோட்டாரிடம் எப்போதும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்க வேண்டும். வேகம் கூடினால் அந்த மிச்சம் குறையும், பேட்டரி இறங்கினாலும் குறையும். சாதாரண பேட்டரி ஸ்கூட்டரில் மோட்டார் செத்தால் வண்டி உருண்டுபோய் நிற்கும். இதில் மோட்டார் செத்தால் பலகை நின்றுவிடும், ஆள் போய்க்கொண்டே இருப்பார். இனிமேல் தாங்க முடியாது, இறங்கிக்கொள் என்று சொல்லத்தான் அந்தப் பீப். அதை இடைஞ்சல் என்று நறுக்கி எறிகிற கை ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருக்கலாமா?

இந்த வகை வண்டியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் இந்தப் பிரச்சினை வந்தது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகம் செய்த, கைப்பிடியோடு நின்று ஓட்டும் ரெண்டு சக்கர செக்வே வண்டிகளை 2003 செப்டம்பரில் அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள், சுமார் 6,000 வண்டிகள். காரணம் இதுதான்: பேட்டரி இறங்கிய நிலையில் திடீரென்று வேகம் கூட்டினாலோ, தடை எதிலாவது இடித்தாலோ, எச்சரிக்கை வந்த பிறகும் தொடர்ந்து ஓட்டினாலோ, சமநிலையைக் காக்கப் போதுமான மின்சாரம் கிடைக்காமல் ஆள் விழக்கூடும். 'எச்சரித்தோம், அவர்தான் கேட்கவில்லை' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வண்டியின் மென்பொருளை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். எச்சரிக்கையைக் கேட்காத ஆளுக்கே அங்கே அந்த மரியாதை. எச்சரிக்கை என்றால் என்னவென்றே சொல்லப்படாத பையனுக்கு இங்கே மாவுக்கட்டு.

பெட்டியோடு நீங்கள் கொடுக்கிற சின்னப் புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, எழுத்தைப் பார்க்க லென்ஸ் வேண்டும். அலாரம் வந்தால் ஓட்டுவதை நிறுத்தவும் என்று ஒரு வரி. எந்த அலாரம்? நின்ற பிறகு என்ன செய்வது? அதெல்லாம் இல்லை. புளூடூத்தை எப்படி இணைப்பது என்பதற்கு மட்டும் படம் போட்டு ஒரு முழுப் பக்கம். பாட்டுப் பாடத் தெரிகிறது, சக்கரத்தில் ஏழு வண்ணத்தில் விளக்கு எரிகிறது, புளூடூத் சேர்ந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் அறிவிக்கிறது. இவ்வளவு பேசத் தெரிந்த பலகைக்கு 'பேட்டரி இறங்குது, இறங்கிடு' என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

வீட்டிலேயே தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன. வேகம் எல்லையைத் தொட்டால் பீப் அடித்துக்கொண்டே பலகை முன்பக்கம் மேலே எழும்பி ஆளைப் பின்னால் தள்ளும். அது பழுதே இல்லை, சாய்வதைக் குறைத்தால் அடங்கிவிடும். சமதளத்தில் நிற்கும்போதே ஒரு பக்கமாக இழுத்தால் பெரும்பாலும் கேலிபரேஷன், அதாவது எது மட்டம் என்று பலகை வைத்திருக்கும் கணக்கு, போயிருக்கும். பலகையை அணைத்துச் சமமான தரையில் மட்டமாக வைத்து, பவர் பட்டனை விளக்குகள் மின்னுகிற வரை அழுத்திப் பிடித்து விட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டால் பல பலகைகளில் சரியாகிவிடும். இதற்குப் போய் உங்கள் ஆட்கள் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேட்டரி விளக்கு பச்சையாக இருந்தும் மேடு ஏறும்போது மட்டும் கத்தினால், 36 வோல்ட் பேட்டரிக்குள் தொடராக இருக்கிற பத்து செல் வரிசையில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கலாம். சும்மா நிற்கும்போது வோல்ட் சரியாகக் காட்டும், சுமை ஏறினால் படுத்துவிடும்.

இன்னொன்று, யாருக்கும் தோன்றாதது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிய கையோடு பேஸ்மென்ட் சரிவில் இறங்கினால் சில பலகைகள் அலறும். சரிவில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது, ஏற்கெனவே 42 வோல்ட்டில் நிரம்பி நிற்கிற பேட்டரியில் அதற்கு இடமில்லை. 'இப்பத்தான் ஃபுல் சார்ஜ் போட்டேன், அதுக்குள்ள கத்துது' என்று கடைக்கு வருகிறார்கள். இப்படி நாலு வரி அந்தப் புத்தகத்தில் இருந்தால் ஒருவரும் வரத் தேவையில்லை. எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

பேட்டரி விஷயத்தில் விளையாட முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2016 ஜூலையில் அமெரிக்காவில் பத்து நிறுவனங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற்றது பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்துக்காகத்தான். சூடு அதிகமானாலும் பல பலகைகள் கத்தித்தான் சொல்லும். பஸ்ஸர் இல்லாத பலகை எப்படிச் சொல்லும்?

எனக்குத் தெரிந்ததை நானே எழுதி ஒட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. சிவப்பு விளக்கு ரெண்டு முறை மின்னினால் ஒரு போர்டில் ஓர் அர்த்தம், வேறொரு போர்டில் வேறு அர்த்தம். வெளியே ஒரே பெயர், ஒரே நிறம். உள்ளே நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு லாட்டிலும் போர்டு மாறுகிறது. எந்த லாட்டில் எந்த போர்டு என்பது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்டு உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து என்று கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, வெளிக்கடைக்காரர்களுக்குத் தகவல் தர இயலாது என்கிறார்கள். எனக்குத் தராவிட்டால் போகிறது, காசு கொடுத்து வாங்கியவருக்காவது தரலாம் இல்லையா? இது ஹோவர்போர்டோடு நிற்பதும் இல்லை. வாஷிங் மெஷின், இன்டக்ஷன் ஸ்டவ், ஏசி, எல்லாவற்றிலும் ஓர் எழுத்தும் ரெண்டு எண்ணும் மின்னுகின்றன. அதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆளை வரவழைத்து, அவர் படியேறி வந்ததற்கே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம். வாஷிங் மெஷினிலிருந்து யாரும் விழுவதில்லை.

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, நினைவூட்டுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வேறொருவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுபவரையும் தயாரிப்பாளர் என்றே கணக்கில் எடுக்கிறது. தீங்கு வராமல் பயன்படுத்தப் போதுமான அறிவுரை பொருளோடு இல்லாவிட்டால் தயாரிப்பாளர் பொறுப்பாகலாம் என்று அதன் 84ஆம் பிரிவு சொல்கிறது. சீனாவிலிருந்து அப்படியே வந்தது, நாங்கள் ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டினோம் என்ற பதில் அங்கே எடுபடுமா என்று உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பையனின் அப்பாவுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவதும் விடுவதும் அவர் விருப்பம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். சத்தத்துக்கும் விளக்குக்கும் அர்த்தம் சொல்லும் தாளைத் தமிழில் அச்சடித்துப் பெட்டிக்குள் போடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, பில்லில் இருக்கும் போன் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். விளம்பரம் அனுப்ப அந்த எண்கள் பயன்படுகின்றனவே. சர்வீஸ் சென்டரில் பஸ்ஸரை எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள், எடுத்துக் கொடுத்த பலகைகளைக் கூப்பிட்டு இலவசமாகத் திரும்ப வைத்துக் கொடுங்கள்.

தமிழில் அச்சடிக்கக் காலம் பிடிக்கும் என்றால், இப்போதைக்கு எந்த லாட்டில் எந்த போர்டு, விளக்கு எத்தனை முறை மின்னினால் என்ன பழுது என்ற பட்டியலை மட்டும் உங்கள் மதுரை டீலரிடம் கொடுத்துவிடுங்கள். நான் போய் வாங்கிக்கொள்கிறேன். தமிழில் எழுதுவதும் ஜெராக்ஸ் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் பலகைகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும்
மதுரை மெக்கானிக் ஒருவன்