வெள்ளோட்டம்

மீசாலை,
ஞாயிறு காலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் இவளுக்கும் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது.

பாரிசிலிருந்து லியோனுக்கு இரண்டு மணித்தியாலத்தில் தேஜேவே (TGV) அதிவேக ரயிலில் போனதை ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாய். எனக்கு அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. நீ ஏறின வண்டிக்கு முன்னால் தேஜேவே 001 என்று ஒன்று ஓடியது. ஆட்களை ஏற்றக் கட்டினதல்ல, சோதிக்கக் கட்டினது. ஹெலிகொப்டரில் இருக்கிற வகை வாயுச்சுழலி இயந்திரம் அதற்கு. 1972 டிசம்பர் 8 அன்று மணிக்கு 318 கிலோமீற்றர் ஓடியது. அடுத்த வருஷமே எண்ணெய் நெருக்கடி வந்து, சுழலியைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறினார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் இரண்டையும் நடுவில் ஒரே சில்லுத்தொகுதி தாங்குகிற அமைப்பு நிலைத்துவிட்டது. 1981இல் லியோன் பாதையில் ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கும் அதுதான், நீ போன வண்டிக்கும் அதுதான்.

ஜப்பான்காரர் பட்ட பாடு இதைவிடப் பெரிது. ரயில் சில்லில் தண்டவாளத்தின் மேல் உருளுகிற பரப்பு கூம்பு போலச் சற்றுச் சரிந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தச் சரிவே நடுவுக்குக் கொண்டுவரும். எங்கள் பழைய யாழ்தேவி ரயிலின் வேகத்துக்கு அது போதும். வேகம் கூடக்கூட, நடுவைத் தாண்டி மறுபக்கம் போய், திரும்பி இந்தப் பக்கம் வந்து, வண்டி நெளியத் தொடங்கும். அவர்கள் அதைப் பாம்போட்டம் என்றே சொல்கிறார்கள். தடாஷி மட்சுடைரா, யுத்தகாலத்தில் கடற்படை விமானங்களின் இறக்கை ஏன் படபடக்கிறது என்று ஆராய்ந்தவர். ரயிலில் நடப்பதும் அதே வகை அதிர்வு என்று கண்டவர் அவர்தான். கணக்குப் போட்டால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். 1962இல் ஜப்பானின் கமோனோமியாவில் சோதனைப் பாதை போட்டு, இரண்டு வண்டிகளை விட்டார்கள். 1963 மார்ச் 30 அன்று அதில் ஒன்று மணிக்கு 256 கிலோமீற்றரைத் தொட்டது. சின்கான்சென் என்ற அவர்களின் அதிவேக ரயில் பாதை திறந்த பிறகு ஒன்றைப் பாதை பரிசோதிக்கவும் மற்றதைப் பழுதான வண்டிகளுக்கு உதவவும் வைத்திருந்து, கடைசியில் உடைத்துவிட்டார்கள். அதை வாசித்தபோது எனக்கு மனம் கனத்தது.

2005இல் அங்கேயே ஃபாஸ்டெக் என்ற சோதனை வண்டிக்குக் காற்றைப் பிடித்து நிறுத்தப் பூனைக்காது மாதிரி தகடுகள் வைத்தார்கள். பிறகு ஆட்களை ஏற்ற வந்த ஈ5 வண்டிக்கு அந்தக் காது இல்லை. தேவையில்லை என்று தெரிந்துகொண்டதும் ஃபாஸ்டெக்கால்தான்.

எங்கள் பாதையில் 1990இல் யுத்தத்தால் ரயில் நின்றதும், தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கர் கட்டப் போனதும் உனக்குத் தெரியும். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திறக்குமுன் வெள்ளோட்டம் விட்டார்கள். கடவையில் நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஆச்சி, "ஆக்கள் இல்லாமல் ஏன் தம்பி ஓடுது?" என்று கேட்டா. "நீங்கள் ஏற வேணும் எண்டுதான் ஆச்சி" என்றேன். தொண்டை அடைத்துவிட்டது.

தேஜேவே 001இன் இயந்திரப் பெட்டி ஒன்றை, அது பிறந்த பெல்ஃபோரில் நெடுஞ்சாலையோரம் வைத்தார்கள். கோடையில் அந்தப் பக்கம் போனால், பேத்தியை அதன் முன்னால் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் மீசாலைக் கூட்டாளி