குழந்தைகளின் இருதய எக்கோவுக்கு மாவட்டந்தோறும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இருதயத்தில் ஏதேனும் ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முதல் வயது முடிவதற்குள் அறுவை சிகிச்சையோ, இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் கத்தீட்டர் சிகிச்சையோ தேவைப்படுகிறது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், அந்தக் குறைபாட்டை ஒலியலைகளால் படமெடுத்துக் கண்டுபிடிக்கும் எக்கோ பரிசோதனையைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழின் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் தொடை இரத்தக்குழாய் வழியே குழாயைச் செலுத்தி, சாயம் ஏற்றிப் படமெடுத்தால்தான் குழந்தையின் இருதய அமைப்பு தெளிவாகத் தெரியும் என்ற நிலை இருந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் 1953இல் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் ஒலியலைகளைக் கொண்டு இருதய அசைவைப் பதிவு செய்தார்கள். அந்த முயற்சி வளர்ந்து, இன்று ஊசியும் கதிர்வீச்சும் இல்லாத எக்கோ பரிசோதனையாக நம் ஊர்களுக்கே வந்துவிட்டது. ஆனால், பெரியவர்களுக்கு எடுப்பதுபோலக் குழந்தைக்கும் எக்கோ எடுத்துவிடலாம் என்ற எண்ணம் பல இடங்களில் இருப்பதுதான் கவலை தருகிறது.

குழந்தை நோயாளிகளையே பார்த்துப் பழகியவர் ஜெல்லை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மேல்வயிற்றில் கருவியை வைத்துத் தொடங்குவார். கல்லீரல் எந்தப் பக்கம், இருதயத்தின் நுனி எந்தப் பக்கம் என்பதிலிருந்து படிப்படியாக மேலே வருவார். நுரையீரலிலிருந்து வரும் நான்கு சிரைகளும் இடது மேலறையில்தான் சேர்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். இருதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் மகாதமனியின் வளைவு குறுகியிருக்கிறதா என்பதைக் கழுத்துக்குழியில் கருவியை வைத்தால்தான் நன்றாகப் பார்க்க முடியும்; அங்கே தொட்டவுடன் குழந்தை வீறிட்டு அழுவதால், அவசரத்தில் அந்தக் கோணமே விடுபட்டுப்போவதை நான் கண்டிருக்கிறேன். அப்படி விடுபட்டாலும் அறிக்கையில் ‘நார்மல்’ என்றே எழுதப்படுகிறது. அதை நம்பி வீட்டுக்குப் போன பெற்றோர், குழந்தை பால் குடிக்கையில் வியர்த்துக் கொட்டுவதையும் எடை ஏறாததையும் வெகு நாள் பொருட்படுத்துவதில்லை. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஐந்தாம் மாத ஸ்கேனிலும் இதே நிலைதான். நான்கு அறைகளும் சரியாகத் தெரிகின்றன என்பதோடு நிறுத்திக்கொண்டால், மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருக்கும் கொடிய குறைபாடு தப்பிவிடும். ஏனெனில் அதில் பெரும்பாலும் நான்கு அறைகளும் இயல்பாகவே காட்சியளிக்கும். இரண்டு தமனிகளும் எந்தெந்த அறையிலிருந்து கிளம்புகின்றன என்பதையும் பார்த்தாக வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் இருதய அறுவை வசதியுள்ள ஊரிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

பிறந்து 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வைத்து, ஆக்ஸிஜன் அளவு 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மறுபடி சோதிப்பதும், 90க்கும் கீழே போனால் உடனே எக்கோவுக்கு அனுப்புவதும் சில நிமிட வேலை. அமெரிக்காவில் 2011லேயே பச்சிளங்குழந்தைகள் அனைவருக்கும் இது பரிந்துரைக்கப்பட்டது. இது எல்லாக் குறைபாட்டையும் காட்டிவிடாது என்றாலும், உடலில் நீலம் பாய்வது கண்ணுக்குத் தெரியும் முன்பே பல குழந்தைகளைப் பிடித்துக்கொடுக்கும்.

எக்கோவில் தெளிவாகாத சிக்கலான இரத்தக்குழாய் அமைப்புகளுக்கு சிடி, எம்ஆர்ஐ இருக்கின்றன. சிடி நொடிகளில் முடியும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் குழந்தை நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். இவை பெரிய மருத்துவமனைகளில் இருந்தால் போதும்.

மாவட்டத்தில் வேண்டியது எக்கோ தெரிந்த கை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய அறுவைக்கு இடமிருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையங்களும் செயல்படுகின்றன. அந்த மையங்களுக்கு வரும் குழந்தைகளைப் பார்க்க, குழந்தைகள் எக்கோவில் தனிப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரையாவது மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அமர்த்த வேண்டும். அது இயலும்வரை, எடுத்த படங்களை மருத்துவக் கல்லூரி நிபுணருக்கு அன்றே அனுப்பிக் கருத்துக் கேட்கும் முறையை ஏற்படுத்த வேண்டும். எக்கோ அறிக்கையில் எந்தக் கோணங்கள் பார்க்கப்பட்டன, எவற்றைப் பார்க்க இயலவில்லை என்று குறிப்பதையும் கட்டாயமாக்குமாறு நலவாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்.