நிலநடுக்கம் வேறு, வெள்ளம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் கடிதம் எழுதியிருந்த வாசகர் ஒருவர், சிகாமட் நிலநடுக்கம், ஜொகூர் வெள்ளம், தாங்க முடியாத வெயில் மூன்றுக்கும் பூமி சூடாவதுதான் காரணம் என்றும், மனிதன் செய்த பாவத்துக்கு இயற்கை தரும் தண்டனை இது என்றும் சொல்லியிருந்தார். அவருடைய கவலை உண்மையானது. எங்கள் லாபிஸ் ஒட்டுக்கடைகளிலும் கோயில் வாசலிலும் இதே பேச்சுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், யார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியும் அந்த மூட்டைக்குள் அமுங்கிப் போகிறது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

முதலில் நிலநடுக்கம். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை 6.13 மணிக்கு எங்கள் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் ரிக்டர் அளவில் 4.1 பதிவானது. நெகிரி செம்பிலான், மலாக்கா, தென் பகாங் வரை ஆட்டம் தெரிந்தது. அடுத்து வந்த நாட்களிலும் சிறு அதிர்வுகள் இருந்தன. மலேசியத் தீபகற்பத்தில் நிலநடுக்கமே வராது என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் பதறியதில் வியப்பில்லை.

ஆனால் அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதை நகர்த்துவது பூமியின் உள் வெப்பம். பூமி உருவான காலத்தில் தங்கிய சூடும், பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம் போன்றவை சிதைவதால் பிறக்கும் சூடும் சேர்ந்தது அது. நம் கார்ப் புகை அங்கே எட்டாது. மனிதன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தட்டுகள் நகர ஆரம்பித்துவிட்டன. இதில் யார் பாவமும் இல்லை.

நாம் இருப்பது சுண்டா தட்டின் உட்பகுதியில். சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் இந்திய, ஆஸ்திரேலியத் தட்டுகள் இதன் கீழே நுழைந்துகொண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று அந்த விளிம்பு 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது. 9.1 அளவு. கெடாவின் கோத்தா கோலா மூடாவிலும் பினாங்குக் கடற்கரையிலும் சுனாமி புகுந்து நம் நாட்டில் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். லங்காவித் தீவே சுமார் 17 சென்டிமீட்டர் இடம் பெயர்ந்தது. விளிம்பில் இப்படி அடி விழும்போது நடுவில் இருக்கும் நமக்கும் அழுத்தம் வந்து சேரும். பழைய சுவரை ஓரத்தில் இடித்தால், ஏற்கெனவே விரிசல் விட்ட இடம்தான் முதலில் வாய் பிளக்கும். தீபகற்பத்தின் பழைய நிலப்பிளவுகளும் அப்படித்தான். 2007 கடைசியிலிருந்து பகாங் புக்கிட் திங்கியில் வந்த சிறு நடுக்கங்களுக்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

பயத்தின் அளவும் சரியாக இருக்க வேண்டும். ரிக்டர் அளவில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் 2004ஆம் ஆண்டு நடுக்கம் சிகாமட் நடுக்கத்தைப் போல மூன்று கோடி மடங்கு. அதற்காக அலட்சியமும் கூடாது. 2015 ஜூன் 5 அன்று சபா ரானாவில் 6.0 அளவு நடுக்கம் வந்து கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தார்கள்.

லாபிஸ் வெந்நீர் ஊற்றைக் காட்டி, அடியில் எரிமலை கொதிக்கிறது என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். மழைநீர் பாறைப் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்ப மேலே வருகிறது, அவ்வளவுதான். சிகாமட் வட்டாரத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை இருப்பது உண்மை. அது ஆறு கோடி ஆண்டுப் பழசு.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை நேற்று இன்று வந்ததல்ல. 1926 டிசம்பரிலேயே பெருவெள்ளம் தீபகற்பத்தைப் புரட்டிப் போட்டது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். மழை கொட்டும்போது அதுவும் சேர்ந்து கொட்டும். சூட்டுக்குக் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதும் காடு அழிப்பதும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. எரிமலைகளும் புகை விடுகின்றனவே என்று கேட்பார்கள். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய வெடிப்பு பூமியைக் கொஞ்ச காலம் குளிர வைக்கவும் செய்யும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்த பிறகு உலக வெப்பம் அரை டிகிரியளவு இறங்கியது.

இந்தக் கணக்கில் "மனிதன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஒரு காற்றாடியும் ஒரு மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கும் குடும்பமும், நிலக்கரியை மலைபோல் குவித்து எரிக்கும் தொழிலும் ஒரே பாவத்தைச் செய்தவர்களா? கைக்கெட்டும் தூரத்திலேயே செய்யக்கூடியது இருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் ஓரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்பு நிறத் தண்ணீரில் ஏடு படிந்து, இடைவிடாமல் குமிழ் வெடித்துக்கொண்டே இருக்கும். நாற்றத்தைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். அந்தக் குமிழில் வருவது பெரும்பாலும் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றும். குளத்தைத் தடித்த விரிப்பால் மூடி, வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நம் நாட்டிலேயே உண்டு. மற்ற ஆலைகளும் செய்யட்டும் என்று நாம் கேட்கலாம். தண்டனை என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் மழைமானி பார்ப்பது என் பொறுப்பு. புல்தரையில் பதித்த செம்பு உருளை, மேலே புனல். உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, நீர்மட்டம் குழிந்திருக்கும் அடிக்கோட்டைப் படித்து, மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மழை பெய்யாத நாளுக்கும் ஒரு கோடு போட வேண்டும். ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் அன்றைக்குப் பால் வெட்டு உண்டா இல்லையா என்பதும் பக்கத்திலேயே பதிவாகும்.

ஒரு தோட்டத்துப் புத்தகத்தை வைத்து உலகத் தட்பவெப்பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வேறொன்று சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டம் மறுநடவுக்காக மேட்டு நிலத்தை மொத்தமாக வழித்துப் போட்டது. மண்ணை மூடும் கொடி படர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. செம்மண் கரைந்து இறங்கி, கால்வாயை அடைத்து, பள்ளத்து லயங்களில் முழங்கால் தண்ணீர். வரலாறு காணாத மழை என்றார்கள். புத்தகத்தைப் புரட்டினால் அதைவிடப் பெரிய மழை பலமுறை பெய்திருக்கிறது, தண்ணீர் வாசற்படிகூட ஏறவில்லை. அன்றைக்குக் காரணம் வானத்தில் இல்லை, மேட்டில் இருந்தது. அதே சமயம் 2006 டிசம்பரில் சிகாமட்டையும் கோத்தா திங்கியையும் மூழ்கடித்த மழை நிஜமாகவே பெருமழை. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட்டில் 40,000 பேருக்கு மேல் துயர் துடைப்பு மையங்களுக்குப் போனார்களே, அதுவும் அப்படித்தான். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்ல அளவு வேண்டும், பதிவு வேண்டும்.

அந்தப் பதிவுகள் இப்போது அழிந்துகொண்டிருக்கின்றன. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாகும்போது, சம்பளப் பட்டியலோடு மழைப் புத்தகமும் குப்பை லாரியில் ஏறுகிறது. பல தலைமுறைக் கிராணிகள் நாள் தவறாமல் எழுதியவை அவை. பழைய புத்தகம் யார் வீட்டிலாவது, எந்த ஸ்டோரிலாவது கிடந்தால் எடுத்து வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை ஓர் அறிவிப்பு போட வேண்டும். அவற்றை வானிலை ஆய்வுத் துறையிடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ சேர்ப்பதற்கு வழி கேட்டு எழுதவும் வேண்டும்.

அப்புறம், நிலநடுக்கத்தின்போது என்ன செய்வது என்பதைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு பக்கம் வெளியிடுங்கள். ஆட்டம் தெரிந்ததும் வெளியே ஓடாமல் மேசைக்கடியில் புகுந்து, தலையைக் கையால் மறைத்து, மேசைக்காலை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகுதான் எரிவாயு அடுப்பை மூடிவிட்டு வெளியேற வேண்டும். வீட்டு அலமாரிகளைச் சுவரோடு பிணைக்க வேண்டும். பழைய லயங்களில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் தூண்களைத் தோட்ட நிர்வாகங்கள் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் போட்டால் நல்லது. பள்ளி விடுமுறைக்கு முன்பே வெளிவந்தால், எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
லாபிஸ், ஜொகூர்.